பங்கு இல்லத்துப் பழைய நூல்களைப் பட்டியலிடப் போகிறீர்களா? அலமாரியைத் தொடும் முன் படியுங்கள்

கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் பங்குத் தந்தை ஒருநாள் சாவியை என்னிடம் கொடுத்து, "மாடி அறையில் முன்பு இங்கே இருந்த சாமியார்களின் புத்தகங்கள் கிடக்கின்றன. எல்லாம் இலத்தீன். கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடுங்களேன்" என்றார். நானூறு புத்தகங்கள் இருக்கும். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் முதல் ஐந்து மாதங்கள் முழுக்க வீண். வீண் என்பதைவிட மோசம், ஏனென்றால் அந்த ஐந்து மாதங்களில் நான் செய்த சில காரியங்களை இனி யாராலும் சரிசெய்ய முடியாது.

முதல் நாளே எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, பெரியது கீழே சிறியது மேலே என்று அளவு பார்த்து அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எந்தப் புத்தகம் எதன் பக்கத்தில் இருந்தது, எது கை எட்டும் தட்டில் இருந்தது, எது எட்டாத உயரத்தில் கிடந்தது என்ற விவரம் அன்று மாலையோடு போயிற்று. இப்படிப்பட்ட தொகுப்புகளில் உள்ள அச்சு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு நூலகங்களிலும் படிகள் உண்டு. ஆனால் இந்தப் பங்கில் வாழ்ந்த குருக்கள் எதை வாங்கினார்கள், எதைத் தேயத் தேயப் படித்தார்கள், எதைப் பிரிக்காமலே வைத்தார்கள் என்பதற்கு இந்த ஒரு அலமாரிதான் சாட்சி. அதைக் கலைக்காமல் பதிவு செய்வதற்காகவே இந்த வழிகாட்டி. கத்தோலிக்கப் பங்குகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற சபைகளில் சட்டம் வேறாக இருக்கும், கைவேலை ஒன்றுதான்.

1. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

வாய்மொழி அனுமதியோடு தொடங்காதீர்கள். எனக்கு அனுமதி தந்த தந்தை மூன்றாம் மாதத்தில் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது. அறை பூட்டப்பட்டது. ஏழு வாரங்கள் காத்திருந்தேன். அவர் மேல் தவறில்லை, அவருடைய பொறுப்பில் உள்ள அறைக்குள் முன்பின் தெரியாத ஒருவரை எப்படி விடுவார்?

பங்குத் தந்தைக்கு ஒரு கடிதம், அதன் நகல் மறைமாவட்ட அலுவலகத்துக்கு, அதாவது ஆயரின் அலுவலகத்துக்கு. பதிலும் கையெழுத்தோடும் முத்திரையோடும் வர வேண்டும். கடிதத்தில் இவை தெளிவாக இருக்கட்டும்: யார் யார் அறைக்குள் போவார்கள், சாவி யாரிடம் இருக்கும், படம் எடுக்கலாமா, எடுத்த படங்களை வெளியிடலாமா, புத்தகத்தை அறையை விட்டு வெளியே கொண்டுபோகலாமா (கூடாது என்றே எழுதிவிடுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு), பட்டியலின் படிகள் யாருக்குப் போகும், வேலை எப்போது முடியும். படம் எடுப்பதும் வெளியிடுவதும் இரண்டு வெவ்வேறு அனுமதிகள். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றும் கிடைத்ததாக எண்ணி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

தந்தை தயங்கினால் திருச்சபைச் சட்டத் தொகுப்பை மரியாதையோடு சுட்டிக்காட்டுங்கள். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1283ஆம் சட்டம், பண்பாட்டு மதிப்புள்ள பொருள்களுக்குத் துல்லியமான பட்டியல் வேண்டும் என்றும், அதன் ஒரு படி நிர்வாகத்தின் ஆவணக் காப்பகத்திலும் இன்னொரு படி மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் அவருக்குப் புதிய சுமை எதையும் கொண்டுவரவில்லை. அவர் செய்தாக வேண்டிய ஒன்றைச் செய்துதர வந்திருக்கிறீர்கள். என் விஷயத்தில் கதவைத் திறந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

2. யாருடைய புத்தகம் என்று பிரித்தறியுங்கள்

பங்கு இல்லத்தில் இருப்பதெல்லாம் பங்கின் சொத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது. குருவின் சொந்தப் புத்தகம் அவர் இறந்தபின் உறவினருக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கலாம். துறவற சபைக் குருவாக இருந்தால் அது சபையின் உடைமையாக இருக்கலாம். உங்கள் பட்டியலில் "உடைமை" என்று ஒரு பத்தி வைத்து, சான்று கிடைத்தால் மட்டும் நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் காலியாக விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

ஒரு குரு கடும் நோயுற்றாலோ இறந்தாலோ பங்கின் ஏடுகளும் ஆவணங்களும் திருச்சபைக்குரிய பிற பொருள்களும் தொலைந்துபோகாமல், யாரும் எடுத்துச்செல்லாமல் பார்த்துக்கொள்வது மறைவட்ட முதல்வரின் (அருகருகே உள்ள சில பங்குகளை மேற்பார்வையிடும் குருவின்) கடமை என்று 555ஆம் சட்டம் கூறுகிறது. ஆகவே பழைய குருக்கள் இறந்தபோது எடுக்கப்பட்ட பொருள்பட்டியல் ஏதேனும் உண்டா என்று மறைவட்ட முதல்வரிடமும் மறைமாவட்டக் காப்பகத்திலும் கேளுங்கள். உயில், இறப்புக்குப் பிந்தைய சொத்துக் கணக்கு, ஆயர் பங்கைச் சந்தித்தபோது எழுதிய அறிக்கை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "பழைய ஆவணம் ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். குருவின் பெயரும் அவர் பங்கில் இருந்த ஆண்டுகளும் எழுதிய துண்டுச்சீட்டோடு போனால் தேடித் தருவார்கள்.

புத்தகங்களுக்கு இடையே திருமுழுக்கு ஏடோ திருமண ஏடோ அகப்பட்டால் அதை உங்கள் வேலையில் சேர்க்காதீர்கள். அன்றே பங்குத் தந்தையிடம் கையளித்து, கையளித்ததைக் குறித்துவையுங்கள். ஆன்ம காரியங்கள் பற்றிய தனிப்பட்ட கடிதங்கள் கிடைத்தாலும் அப்படியே. படிக்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

3. நகர்த்தும் முன் படம்

ஒரு நாள் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். அன்று எந்தப் புத்தகத்தையும் எடுக்கக் கூடாது. அறையின் நான்கு மூலைகளிலிருந்து நான்கு படங்கள். பிறகு ஒவ்வோர் அலமாரிக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண், இடமிருந்து வலமாக ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். அ-3-17 என்றால் அ அலமாரி, மூன்றாம் தட்டு, பதினேழாவது புத்தகம். தரையில் கிடக்கும் குவியலுக்கும் எழுத்து கொடுங்கள். பெட்டிக்குள் இருப்பவற்றை மேலிருந்து கீழாக எண்ணுங்கள்.

எண்ணைப் புத்தகத்தின் மேல் எழுதவே கூடாது. ஒட்டும் காகிதமும் வேண்டாம், அதன் பசை தோலையும் தாளையும் கறைப்படுத்தும். அமிலமில்லாத தாளில் விரல் அகலப் பட்டைகள் வெட்டி, பென்சிலால் எண் எழுதி, முதுகருகே சற்று வெளியே தெரியும்படி செருகுங்கள். புதிதாக ரப்பர் முத்திரை குத்தும் ஆசையைச் சில பங்குப் பேரவை உறுப்பினர்கள் வெளிப்படுத்துவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

4. கருவிகளும் கைகளும்

வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். அதை அணிந்தால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கைதான் நல்லது. இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் துணி அட்டைகளுக்குப் பளிச்சென்ற மரகதப் பச்சை நிறம் ஏற்ற ஆர்செனிக் கலந்த சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த நிறத் துணி அட்டையைக் கண்டால் நைட்ரைல் கையுறை அணிந்து, தனி உறையில் வைத்து, உறையின் மேல் எச்சரிக்கை எழுதுங்கள்.

வாங்க வேண்டியவை: மென்மையான தூரிகை, பென்சில்கள், அளவுகோல், முகக்கவசம், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய கருவி, புத்தகத்தைத் தாங்க இரண்டு நுரை ஆப்புகள். பேனாவை அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரல் வைத்து இழுப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அங்கேதான் பழைய தோல் முதலில் பிய்யும். இருபுறமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதன் உடலைப் பிடித்து எடுங்கள். அட்டையை மேசையில் படுக்கும் அளவுக்கு விரிக்காதீர்கள்.

5. முகப்புப் பக்கத்தைப் படிக்கும் விதம்

இலத்தீன் தெரியாதவர்கள் இங்கே பயந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கும் தெரியாது. பட்டியலிட ஐம்பது சொற்கள் போதும்.

ஆண்டிலிருந்து தொடங்குங்கள். உரோமை எண்களில் இருக்கும். எம் என்றால் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. எம், டி, சி, சி, எக்ஸ், எல், வி, ஐ, ஐ என்று வரிசையாக இருந்தால் 1747 (எல் எழுத்துக்கு முன் வரும் எக்ஸைக் கழிக்க வேண்டும், அதனால் அது 40). இதில் மூன்று பொறிகள். நான்கு என்பதை ஐ என்ற எழுத்தை நான்கு முறை போட்டும் அச்சிடுவார்கள். எம் எழுத்துக்குப் பதிலாக ஒரு சி, ஒரு ஐ, திருப்பிப் போட்ட ஒரு சி என்று மூன்று துண்டுகளாக இருக்கும். ஐ, திருப்பிய சி என்ற இரண்டு துண்டுகள் வந்தால் அது 500. மூன்றாவது, முகப்பில் உள்ள ஆண்டை முன்னுரையிலும் அனுமதிப் பக்கத்திலும் உள்ள ஆண்டோடு குழப்பிக்கொள்வது. அச்சு அனுமதி முதல் பதிப்புக்குரியதாக இருக்கும், உங்கள் கையில் இருப்பது அறுபது ஆண்டு கழித்து வந்த மறுபதிப்பாக இருக்கலாம்.

அடுத்தது ஊர். வெனேத்தியிஸ் என்றால் வெனிஸ், அந்த்வெர்ப்பியே என்றால் ஆண்ட்வெர்ப், கொலோனியே அக்ரிப்பினே என்றால் கொலோன். லுக்துனி என்று மட்டும் இருந்தால் பிரான்சின் லியோன். அதோடு பத்தாவோரும் சேர்ந்தால் நெதர்லாந்தின் லெய்டன். அவுகுஸ்தா என்று தொடங்கும் ஊர்கள் பல. விந்தெலிகோரும் சேர்ந்தால் அவுக்ஸ்பூர்க், தவுரினோரும் சேர்ந்தால் தூரின், திரெவிரோரும் சேர்ந்தால் திரியேர். இரண்டாவது சொல்லை விட்டுவிட்டால் நாடே மாறிப்போகும். ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பு நடத்தும் இணையச் சொல்லடைவில் இந்த ஊர்ப்பெயர்களை இலவசமாகத் தேடலாம்.

தீபிஸ் என்றால் இன்னாருடைய அச்செழுத்தால், சும்ப்திபுஸ் என்றால் இன்னாருடைய செலவில். முதலாமவர் அச்சகர், இரண்டாமவர் வெளியீட்டாளர். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

பிறகு இணைய அட்டவணைகளில் ஒப்பிடுங்கள். 1501க்கு முன் அச்சான நூல்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் முயற்சியில் உருவான சர்வதேச அட்டவணை இருக்கிறது. அதற்குப் பிந்தைய காலத்துக்கு, 1700 வரை, ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் உலகளாவிய குறுந்தலைப்பு அட்டவணை. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தலைப்பு ஒத்துப்போகிறது என்பதற்காக அங்குள்ள பதிவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஆண்டு, ஊர், அச்சகர், பக்க எண்ணிக்கை நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

ஓர் அட்டைக்குள் ஒரே நூல்தான் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். மூன்று நான்கு சிறு நூல்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டுவது அக்காலத்தில் சாதாரணம். கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள். நான் 60 நூல்களை இப்படித் தவறவிட்டு, திரும்பப் போய் எடுத்தேன்.

6. உடைமைக் குறிப்புகள்: இங்கே நேரம் செலவிடுங்கள்

இதற்காகத்தான் இத்தனை பாடும். அட்டையின் உட்பக்கம், அதை அடுத்த வெற்றுத்தாள், முகப்பின் கீழ்ப்பகுதி, கடைசி வெற்றுத்தாள் ஆகிய நான்கு இடங்களையும் ஒவ்வொரு புத்தகத்திலும் படம் எடுங்கள். எக்ஸ் லீப்ரிஸ் என்றால் இன்னாருடைய நூல்களிலிருந்து. எக்ஸ் தோனோ என்றால் இன்னார் அன்பளிப்பு. எக்ஸ் லெகாத்தோ என்றால் உயிலின்படி வந்தது. அத் ஊசும் என்றால் இன்னாருடைய பயன்பாட்டுக்கு. துறவியர் இப்படி எழுதுவதுண்டு, ஏனென்றால் நூல் அவர்களுடையது அல்ல, மடத்துக்குரியது. எக்லேசியே பரோக்கியாலிஸ் என்று கண்டால் அது பங்கு ஆலயத்தின் நூல். அடித்துவிட்ட பெயரையும் பதிவு செய்யுங்கள். பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழும்படி டார்ச்சைப் பிடித்தால் சுரண்டிய எழுத்துகூடப் பல சமயம் தெரியும்.

வாசித்த தடங்களை "அழுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு நன்னெறி இறையியல் நூல் நான்கு பாகம். இரண்டாம் பாகத்தில் தாள்களின் மடிப்பே வெட்டப்படவில்லை. வாங்கிய நாள் முதல் யாரும் அதைப் படித்திருக்க முடியாது. மூன்றாம் பாகத்தில் கூலியை நிறுத்திவைப்பது பாவமா என்று பேசும் ஆறு பக்கங்கள் மட்டும் ஓரம் பழுத்து, இரண்டு இடத்தில் மெழுகுத் துளி விழுந்து, பழுப்பு மையில் நெருக்கமான குறிப்புகளோடு இருந்தன. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அமர்ந்து, மறுநாள் யாருக்கோ பதில் சொல்ல வேண்டிய ஒரு மனிதர் அந்தப் பக்கங்களில் தேடியிருக்கிறார். அந்தத் துளிகளைச் சுரண்டியெடுத்திருந்தால் எனக்கு அவரைத் தெரிந்தே இருக்காது.

அதேபோல் சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தால் சேதம் என்று குறிக்க வேண்டாம். கத்தோலிக்கர் படிக்கக் கூடாது என்று திருச்சபை வகுத்த தடைநூல் பட்டியல் 1966இல் நீக்கப்படும்வரை நடைமுறையில் இருந்தது. அந்தப் பட்டியலைப் பின்பற்றி ஒரு குரு தன் நூலைத் திருத்திய அடையாளமாக அது இருக்கலாம்.

இடையே செருகிய துண்டுகளை உதறாதீர்கள். நான் முதல் நாள் தூசி தட்டியபோது குருக்கள் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகம் ஒன்றிலிருந்தோ அதன் பக்கத்தில் இருந்ததிலிருந்தோ ஒரு சிறு தாள் விழுந்தது. நோயில்பூசுதலுக்கு (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்குக்கு) போக வேண்டிய வீடுகளின் பட்டியல், ஒன்பது பெயர்கள், ஏழு பெயர்களுக்கு நேரே சிலுவைக் குறி. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே எந்தத் துண்டையும் முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, பக்க எண் குறித்து, அமிலமில்லாத உறையில் இட்டு, உறைமேல் புத்தக எண்ணை எழுதுங்கள்.

அட்டைக்குப் பழைய கையெழுத்துத் தோல் ஏடு போர்த்தப்பட்டிருந்தால் அதை உரித்துப் பார்க்கும் ஆவல் வரும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் படம் எடுங்கள், உரிக்காதீர்கள்.

7. பூஞ்சை, பூச்சி, தூளாகும் தோல்

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை வளரத் தொடங்கும். கருவி அதற்குமேல் காட்டினால் பட்டியலை நிறுத்திவிட்டுக் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்ததைத் துணியால் துடைத்தால் உள்ளே தேய்த்துவிடுவீர்கள். தனியே பிரித்துவைத்து, உலரவிட்டு, பிறகே தூரிகை.

மாவு போன்ற புதிய தூள் கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறையவைப்பது நூலகங்கள் கையாளும் முறை: கழித்தல் 30 டிகிரியில் மூன்று நாள், வீட்டு ஃப்ரீசரின் கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, நீர் கோத்துக்கொள்ளும். படம் வரைந்த, பொன் பூசிய நூல்களுக்கு நீங்களாக இதைச் செய்யாமல் பாதுகாப்பு வல்லுநரைக் கேளுங்கள். சிவந்து தூளாகும் தோலுக்கு எண்ணெய் தடவச் சொல்வார்கள். தடவாதீர்கள். தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தாலே போதும். கிழிசலுக்கு செலோடேப் எந்த நாளும் வேண்டாம்.

8. எத்தனை நாள், எங்கே செலவு

இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் புத்தகத்தைக் கையாள மற்றவர் எழுத, ஒரு புத்தகத்துக்குச் சராசரி 15 நிமிடங்கள் ஆயின. நான்கு மணி நேரத்தில் 16 புத்தகங்கள். 400 புத்தகங்களுக்கு 25 அமர்வுகள். வாரம் ஒன்றென்றால் ஆறு மாதம். சரிபார்க்க இன்னும் இரண்டு மாதம் வையுங்கள். திருநாள்கள் நெருங்கும் வாரங்களில் பங்கு இல்லத்தில் உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது, அந்த வாரங்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். குருக்கள் மாற்றல் ஆகும் காலம் எது என்று முன்பே விசாரித்து, அதற்குள் முதல் வரைவைக் கையளிக்கப் பாருங்கள்.

செலவில் கருவிகள் சிறு பங்கு. பெரிய செலவு பெட்டிகளுக்கும் செப்பனிடும் வேலைக்கும். கையில் உள்ள பணம் ஒரு தோல் அட்டையைப் புதுப்பிக்கத்தான் போதும் என்றால், அதே பணத்தில் பல புத்தகங்களுக்குப் பெட்டி செய்யுங்கள். முழு நூலையும் மின்படியாக்க அவசரப்பட வேண்டாம். அச்சுப் பக்கங்களைப் பெரிய நூலகங்கள் பல ஏற்கெனவே மின்படியாக்கி வைத்திருக்கின்றன. குறிப்புள்ள பக்கங்களை எடுத்தால் போதும்.

9. வாங்க வருபவர்கள்

பட்டியல் முடியும் முன்பே செய்தி பரவிவிடும். "வரைபடம் உள்ள அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள், கூரைக்குச் செலவாகும்" என்று கேட்டு வருவார்கள். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வரலாற்று மதிப்பால் விலைமதிப்புள்ள திருச்சபைப் பொருளை விற்கத் திருப்பீடத்தின் (உரோமையில் உள்ள திருத்தந்தையின் ஆட்சியகத்தின்) அனுமதி வேண்டும் என்கிறது 1292ஆம் சட்டம். நாட்டின் தொல்பொருள் சட்டமும் தனியாக உண்டு. "இரட்டைப் படிதானே" என்பார்கள். இரண்டிலும் வெவ்வேறு கைகளின் குறிப்புகள் இருந்தால் அவை இரட்டைப் படிகள் அல்ல.

10. கையளித்தல்

மூன்று படிகள் அச்சிட்டுக் கட்டுங்கள். ஒன்று பங்கின் காப்பகத்துக்கு, ஒன்று மறைமாவட்டக் காப்பகத்துக்கு, ஒன்று அறைக்குள்ளேயே அலமாரியில். படங்களை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள். பெற்றுக்கொண்டவர்களிடம் அதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள்: கடைசியாக ஈரப்பதம் பார்த்த நாள், பார்த்தவர் பெயர், அடுத்து பார்க்க வேண்டிய நாள்.

எங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறைக்கு மட்டும் புத்தக எண் இல்லை. ஒன்பது பெயர்கள் உள்ள அந்தத் தாள் அதற்குள் இருக்கிறது. எண்ணுக்குரிய இடத்தில் "இடம் தெரியாது, பட்டியலிட்டவரின் கவனக்குறைவால்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உங்கள் தவறுகளையும் அப்படியே எழுதிவையுங்கள். அடுத்து வருபவர் அந்த இடத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.